பிரான்சில் தங்கிய வீட்டுச் சுவரும் எங்கள் தெருச் சுண்ணாம்பும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மூன்று வாரத்துக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பில், பிரான்ஸ் நாட்டுத் திராட்சைத் தோட்டப் பகுதிகளில் வாடகைக்குக் கிடைக்கும் விடுமுறை வீடுகளைப் பற்றி முழுப்பக்கக் கட்டுரை வந்தது. நீச்சல்குளம், வெள்ளைச் சுவர், நீளமான மர மேசை, மேசை மேல் ஒயின் கோப்பை என்று நாலு படம். பணமும் ஒயின் ருசியும் உள்ளவர்களுக்கான இடம் என்கிற மாதிரி முடித்திருந்தார்கள். அப்படிப்பட்ட ஒரு வீட்டில் போன செப்டம்பரில் நான் ஏழு இரவு தங்கினேன். எனக்கு ஒயின் பழக்கம் கிடையாது, பணக்காரனும் கிடையாது, நாற்பது வருஷம் கட்டட வேலைகளை மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவன், பழைய வண்ணாரப்பேட்டையில் அப்பா கட்டிய வீட்டிலேயே இன்றைக்கும் இருக்கிறேன். அந்த வீடுகளில் எது பார்க்கத் தகுந்ததோ அது கட்டுரையில் விடுபட்டுப் போயிருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் நீளமாகத்தான் போகும். இடம் போதாமல் சுருக்கினால்கூட சுவரைப் பற்றிய பகுதியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

மகளும் மருமகனும் துலூஸ் நகரத்தில் வேலை பார்க்கிறார்கள். பேரப்பிள்ளைகள் இரண்டு பேர், நானும் மனைவியும், ஆக ஆறு பேர். துலூஸிலிருந்து காரில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் போனால் போர்தோ நகரத்துக்குக் கிழக்கே கரோன், தோர்தோன் என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவில் ஒரு மேட்டுநிலம் வருகிறது. ஆந்த்ர-தூ-மேர் என்ற அதன் பெயருக்கு இரு கடல்களுக்கு இடைப்பட்டது என்று அர்த்தம். கடல் பக்கத்தில் இல்லை, ஆனால் கடல் ஓதம் அந்த ஆறுகளுக்குள் வெகுதூரம் ஏறி வருகிறது. காஸ்தியோன் என்ற ஊருக்கும் செயிண்ட்-ஃபுவா-லா-கிராந்த் என்ற ஊருக்கும் இடையில், சரிவில் தனியாக நின்ற ஒரு கட்டடம்தான் நாங்கள் தங்கிய வீடு.

முதலில் பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கட்டுரையைப் படித்த பலரும் அங்கேயே பக்கத்தைத் திருப்பியிருப்பார்கள். வாரத்துக்கு 1,400 யூரோ கொடுத்தோம். ஒரு யூரோ நூறு ரூபாயைத் தாண்டி நிற்கிற நேரம், கேட்டால் நெஞ்சு அடைக்கும்தான், ஆனால் ஆறு பேருக்கு ஏழு இரவு என்று வகுத்தால் ஆளுக்கு ஓர் இரவு 33 யூரோ வருகிறது, அதே பகுதியில் ஓட்டல் அறை எடுத்திருந்தால் மூன்று அறைக்கு அதைவிட நிறைய ஆகியிருக்கும், சமையலறையும் இருந்திருக்காது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இதே வீடு நாங்கள் எட்டிப் பார்க்கவே முடியாத விலைக்குப் போகிறதாம். பெரும்பாலும் சனிக்கிழமை மாலை சாவி வாங்கி அடுத்த சனிக்கிழமை காலை திருப்பித் தர வேண்டும். வாடகைக்கு மேல் துப்புரவுக் கட்டணம், ஆளுக்கு இவ்வளவு என்று அந்த ஊருக்குக் கட்டும் தங்கும் வரி, போகும்போது திருப்பிக் கொடுக்கிற முன்பணம் எல்லாம் உண்டு. சில வீடுகளில் படுக்கை விரிப்பையும் துண்டையும் நாமே கொண்டுபோக வேண்டும். கார் இல்லாமல் போகவே போகாதீர்கள். ஞாயிறு மதியத்துக்கு மேல் ஒரு கடை திறந்திருக்காது, பல ஊர்களில் திங்கட்கிழமையும் அப்படித்தான். அரிசியும் சாம்பார்ப் பொடியும் மகள் எடுத்து வந்திருந்தாள். செயிண்ட்-ஃபுவாவில் சனிக்கிழமைச் சந்தை, தக்காளியிலிருந்து மீன் வரைக்கும் தெரு முழுக்க விரித்திருந்தார்கள், என் மனைவி காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவள், மத்தி மீனின் கண்ணைப் பார்த்ததும் எடை போடச் சொல்லிவிட்டாள். ஒயின் குடித்தே ஆக வேண்டும் என்று யாரும் கையைப் பிடிக்கவில்லை. பேச்சு வாக்கில் நான் குடிப்பதில்லை என்றதும் வீட்டுக்கார அம்மா அன்று பிழிந்த திராட்சைச் சாற்றைச் செம்பில் ஊற்றிக் கொடுத்தார், புளிக்க ஆரம்பிக்கும் முன்னால் இருக்கிற அந்த இனிப்பை நான் வேறெதிலும் ருசித்ததில்லை.

சரி, வீட்டுக்கு வருகிறேன்.

அது வீடாகக் கட்டப்பட்டதில்லை. ஒயின் தொட்டிகளும் பீப்பாய்களும் வைக்கிற கிடங்கு. பிரெஞ்சுக்காரர்கள் அதை ஷே என்கிறார்கள். எழுத்தில் பார்த்தால் சாய் என்று படிக்கத் தோன்றும், தேநீருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வீட்டுக்கார அம்மாவின் கொள்ளுத்தாத்தா காலத்துக் கட்டடம். அசுவினி இனத்தைச் சேர்ந்த ஒரு பூச்சி அமெரிக்காவிலிருந்து வந்து, 1860களில் தொடங்கி பிரான்ஸ் முழுக்கத் திராட்சை வேர்களைத் தின்று தீர்த்தது. அப்புறம் அமெரிக்க வேர்ச்செடியில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக் கட்டித்தான் தோட்டங்களை மீட்டார்கள். அப்படி மீண்ட பிறகு எழுப்பிய கிடங்கு இது. சுவர் இரண்டடி தடிமன், முழுக்கச் சுண்ணாம்புக்கல். உள்ளே வரிசையாக ஐந்து கான்கிரீட் தொட்டிகள், ஒவ்வொன்றும் எங்கள் வீட்டுப் பின்கட்டு அறை அளவு. வீட்டை மாற்றிக் கட்டிய ஆர்க்கிடெக்ட் அந்தத் தொட்டிகளை உடைத்துத் தள்ளவில்லை. இரண்டில் வாசல் அளவுக்கு அறுத்துத் திறந்து, ஒன்றைக் குளியலறையாகவும் இன்னொன்றைப் பிள்ளைகள் படுக்கும் அறையாகவும் ஆக்கியிருக்கிறார். தொட்டி முகப்பில் பெயிண்டால் எழுதின 3, 4 என்ற எண்கள் அப்படியே இருக்கின்றன. உள்சுவரில் ஒயின் விட்டுப்போன உப்புப் படிகம் ரோஸ் நிறத்தில் மினுங்குகிறது, பேரன் நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தான். அறுகோணச் செம்மண் ஓடு பதித்த தரை, மேலே பழைய உத்தரங்கள், மரக் கதவு போட்ட ஜன்னல்கள், அவ்வளவுதான். சுவரில் ஒரு படம் கிடையாது, டிவி கிடையாது. சாப்பாட்டு மேசைக்கு நேராக ஒரே ஒரு பெரிய ஜன்னல் திறந்திருக்கிறார்கள், அதில் கொடி வரிசைகள் சரிவில் இறங்கிப் போவது தெரியும்.

அந்தச் சுவரில் கை வைத்தேன். வைத்த உடனே தெரிந்துவிட்டது, சுண்ணாம்புக் காரை. சிமெண்ட் பூச்சின் குளிர்ச்சி வேறு, இது வேறு. என் அப்பா கொத்தனார். பழவேற்காட்டுப் பக்கத்துக் கிளிஞ்சலைச் சுட்டு வரும் சுண்ணாம்பை நீற்றி, சலித்து, மணலோடு மாடு கட்டிய செக்கில் அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் விட்டுப் பதப்படுத்தி, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, வழவழக் கல்லால் தேய்த்துக்கொண்டே இருப்பார், சுவரில் முகம் தெரிகிற வரைக்கும். பளிங்கு என்று நினைத்துத் தொட்டுப் பார்த்த வெள்ளைக்காரர்கள் இதற்கு மெட்ராஸ் சுண்ணாம்பு என்றே பெயர் வைத்து எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். சின்ன வயதில் அந்தக் கல்லை நான்தான் அப்பாவுக்கு எடுத்துக் கொடுப்பேன். அதனால்தான் ஐயாயிரம் மைல் தள்ளி ஓர் ஒயின் கிடங்கில் அந்தச் சுவரைத் தொட்டபோது கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

மறுநாள் அந்தச் சுவரைப் பூசியவரையே பார்த்தேன். பக்கத்து ஊர்க்காரர், ஐம்பது வயது இருக்கும், மதில் தலையில் கல் பெயர்ந்திருந்ததை எடுத்துக்கட்ட வந்திருந்தார். மகள் நடுவில் நின்று மொழிபெயர்க்க ஒன்றரை மணி நேரம் பேசினோம். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ அந்தக் கிடங்கின் வெளிச்சுவரைச் சிமெண்டால் பூசிவிட்டார்களாம். சுண்ணாம்புக்கல் மிருதுவானது, தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சிய ஈரத்தை வெளியே மூச்சு மாதிரி விட்டுவிடும். சிமெண்ட் அந்த மூச்சை அடைத்துவிட்டது. பூச்சு நன்றாக இருக்கிறது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்க, பின்னால் கல் மாவாக உதிர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. அவர் சிமெண்டை முழுக்கக் கொத்தி எடுத்து, சுவரை ஒரு கோடைகாலம் முழுக்கக் காயவிட்டு, அப்புறம் மூன்று பூச்சு, ஒன்று காயும்வரை அடுத்ததைத் தொடாமல் பூசியிருக்கிறார். இதைக் கேட்டபோது ராயபுரத்திலும் எங்கள் பேட்டையிலும் இருக்கும் அத்தனை சுவர்களும் என் கண்ணில் வந்து நின்றன. கடல் காற்று, உப்புத் தண்ணீர், பழைய செங்கல் சுவர், அதன் மேல் சிமெண்ட் பூச்சு, இரண்டு மழைக்காலம் போனால் இடுப்பு உயரத்துக்கு உப்பு பூத்துப் பொருக்குப் பொருக்காக விழும். வீட்டுக்காரர் மறுபடி மேஸ்திரியைக் கூப்பிடுவார், மேஸ்திரி மறுபடி சிமெண்டைப் பூசிவிட்டுப் போவார். ஓதம் என்று நாம் சொல்வதும் அந்த ஊர்க் கொத்தனார் சொன்னதும் ஒரே நோய்.

அவர் பயன்படுத்தும் சுண்ணாம்பு அதே வட்டாரத்தில் செயிண்ட்-அஸ்தியே என்ற ஊரில் சுட்டது. தண்ணீர் பட்டாலும் இறுகுகிற வகை. இப்படிப்பட்ட சுண்ணாம்பு ஏன் இறுகுகிறது என்று கண்டுபிடித்தவர் லூயி விக்கா என்ற பாலப் பொறியாளர், அதே தோர்தோன் ஆற்றில் மேலே சூயாக் என்ற ஊரில் 1812இல் பாலம் கட்டப் போனவர். சுண்ணாம்புக்கல்லோடு களிமண்ணும் சேர்ந்து சுடப்பட்டால் தண்ணீருக்குள்ளும் கெட்டிப்படும் என்று சோதித்துப் பார்த்து 1818இல் அச்சிட்டு வெளியிட்டார். இன்றைய சிமெண்ட் வந்த பாதையில் அது ஒரு முக்கியமான படி. சிமெண்டுக்கு வழி போட்ட அந்த நாட்டிலேயே பழைய வீடு என்றால் சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக்குத் திரும்புகிறார்கள், இதை நம் மேஸ்திரிகள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை.

கொத்தனார் கல்லை உடைத்துக் காட்டினார். உள்ளே குட்டிக் குட்டியாக நட்சத்திர மீனின் எலும்புத் துண்டுகள். சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்திருக்கிறது, அந்தக் கடற்படுகைதான் இன்றைக்கு போர்தோ வட்டாரத்துக் கட்டடக் கல். நாங்கள் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்போம் என்று மகள் சொன்னதும் அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு தன் கரண்டியை என் கையில் கொடுத்தார். ஒரு சாண் அளவு பூசினேன். கை மறக்கவில்லை.

ஓட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிடங்கின் மேல் இருந்தது நம் நாட்டு ஓடு மாதிரியே அரைவட்ட ஓடு, அளவுதான் பெரியது. பக்கத்துக் கொட்டகையில் ஒன்றோடு ஒன்று பூட்டிக்கொள்ளும் ஓடு, அசல் மங்களூர் ஓடு. இது மங்களூரிலிருந்தா வந்தது என்று நான் கேட்க, விஷயம் தலைகீழ் என்று மருமகன் எடுத்துச் சொன்னார். அல்சாஸ் பகுதியில் ஜிலார்தோனி சகோதரர்கள் 1841இல் உருவாக்கிய வடிவம் அது, 1865இல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை வைத்தபோது அந்த மாதிரி ஓடு நம் பக்கம் வந்தது. வால்டாக்ஸ் ரோட்டில் எத்தனை கிடங்குகளில் ஏறி இறங்கியிருக்கிறேன், எனக்கு இது தெரியாது.

வீட்டுக்கார அம்மாவுக்கு இந்த வீடு பொழுதுபோக்கு இல்லை. பிரான்சிலேயே ஒயின் குடிப்பது குறைந்துகொண்டு வருகிறது, போர்தோ சிவப்பு ஒயினுக்கு விலை விழுந்துவிட்டது. 2023இல் அந்த வட்டாரத்தில் சுமார் 9,500 ஹெக்டேர் கொடியைப் பிடுங்குவதற்கு ஹெக்டேருக்கு 6,000 யூரோ கொடுக்கும் திட்டம் அறிவித்தார்கள். அவரும் பாதித் தோட்டத்தைப் பிடுங்கிவிட்டார். சரிவின் ஒரு பக்கம் கொடி, மறுபக்கம் வெறும் மண். அந்த மண்ணைக் காட்டும்போது அவர் வேறு எதுவும் பேசவில்லை. மிச்சத் தோட்டத்தையும் கிடங்கையும் இந்த வாடகைதான் காப்பாற்றுகிறது. நாங்கள் இருந்த வாரத்திலேயே அறுவடை தொடங்கியது, அவருடைய புதுக் கிடங்கிலிருந்து காற்று அடித்தால் ஆப்பத்துக்குப் புளித்த மாவு வாசனை வரும். பிள்ளைகளை மட்டும் அதற்குள் விடாதீர்கள் என்று கண்டிப்பாகச் சொன்னார். சாறு புளிக்கும்போது வருகிற கரியமில வாயு தாழ்வான இடத்தில் தங்கி ஆளை மயக்கிவிடும், முன்காலத்தில் மெழுகுவத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்குவார்களாம், சுடர் அணைந்தால் திரும்பிவிட வேண்டும். நம் ஊரில் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி மூச்சு முட்டிச் சாகிறவர்களை நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் செயிண்ட்-எமிலியோன் போனோம். 1999இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஊர். பக்கத்துத் தோட்டங்களில் பெரிய பெரிய ஆர்க்கிடெக்டுகள் கட்டிய ஒயின் கூடங்கள் நிற்கின்றன, ஷெவால் பிளான் என்ற தோட்டத்தில் போர்ட்ஸாம்பார்க் 2011இல் கட்டிய வளைவான வெள்ளைக் கான்கிரீட், அதற்கு அண்டைத் தோட்டத்தில் ழான் நூவெல் கட்டிய சிவப்புக் கட்டடம். அழகுதான். ஆனாலும் அந்த ஊரில் ஒரே பாறையைக் குடைந்து உண்டாக்கிய கோயிலுக்குள் நின்றபோது, மாமல்லபுரத்தைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அதுதான் ஒட்டிக்கொண்டது.

இப்போது எங்கள் தெருவுக்கு வருகிறேன். பழைய வண்ணாரப்பேட்டையிலும் மண்ணடியிலும் ராயபுரத்திலும் இன்னும் மெட்ராஸ் டெரஸ் போட்ட வீடுகள் நிற்கின்றன. தேக்குக் கட்டைகளை வரிசையாக வைத்து, அதன் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு விட்டு, மேலே செங்கல் ஜல்லியைக் கொட்டிப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டித் தட்டி இறுக்கி, கடைசியில் தட்டை ஓடு பதித்த தளம். மே மாத மதியத்தில் அந்தத் தளத்துக்குக் கீழே படுத்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். திண்ணை, முற்றம், பின்கட்டு. எங்கள் தெருவில் அப்படி ஒரு வீட்டைப் போன வருஷம் நான்கே நாளில் இடித்தார்கள். பர்மா தேக்கு உத்தரங்களையும் தூண்களையும் மட்டும் ஒரு வியாபாரி லாரியில் ஏற்றிப் போனார். பிறகு விசாரித்தால் அந்தத் தூண்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு விடுமுறை வீட்டின் வாசலில் கான்கிரீட் கூரைக்குக் கீழே அழகுக்கு நிற்கின்றன. வாரக் கடைசிக்கு அங்கே வந்து தங்குகிறவர்கள் தூணோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தத் தூணில் சாய்ந்து நாங்கள் பள்ளிக்கூடப் பாடம் படித்திருக்கிறோம்.

அந்த வீட்டுக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அரை கிரவுண்டு வீடு, ஐந்து பங்காளிகள், ஒழுகுகிற தளம். சரிசெய்ய ஆள் கேட்டிருக்கிறார், வந்த மூன்று பேரும் இடித்துக் கட்டுங்கள் என்றே சொல்லியிருக்கிறார்கள், சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒருவரை அவருக்குக் காட்டிவிட யாரும் இல்லை. சேப்பாக்கம் அரண்மனைக்குப் பொதுப்பணித் துறை சுண்ணாம்பு வைத்தே வேலை செய்திருக்கிறது, அந்தக் கைகள் இந்த ஊரில்தான் இருக்கின்றன. 2012இல் பாரம்பரியக் கட்டடங்களுக்கு ஆணையம் அமைக்கச் சட்டமும் நிறைவேற்றினார்கள். அரண்மனைக்குக் கிடைக்கிற கொத்தனார் அரை கிரவுண்டு வீட்டுக்கும் கிடைக்க வேண்டும் என்பதுதான் என் பேச்சு.

பிரான்சில் எல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 500 மீட்டருக்குள் இருந்தால் ஜன்னல் கதவுக்கு நிறம் மாற்றக்கூட அரசு ஆர்க்கிடெக்டின் சம்மதம் வேண்டும், அதற்காக மாதக்கணக்கில் காத்திருந்ததாக வீட்டுக்கார அம்மா சலித்துக்கொண்டார். அப்புறம், பல ஊர்களில் விடுமுறை வீடுகள் பெருகி, குளிர்காலத்தில் தெருத் தெருவாக ஜன்னல் சாத்திக் கிடக்கிறது, அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கு வாடகை வீடு கிடைப்பதில்லை. இதைக் கட்டுப்படுத்த 2024 நவம்பரில் ஒரு சட்டமும் வந்திருக்கிறது. ராயபுரத்து வீடுகளைச் சுற்றுலாக்காரர்களுக்கு விட்டுவிட்டு நாம் மாதவரத்துக்கு அப்பால் குடிபோவதை நான் கேட்கவில்லை. குடியிருப்பவர் குடியிருந்தபடியே ஒழுகுகிற தளத்தைச் சரிசெய்துகொள்ள வழி கேட்கிறேன். விருப்பப்பட்ட ஒரு சிலர் மாடி அறையை வாடகைக்கு விட்டு அந்தச் செலவை எடுத்தால் அதில் தப்பில்லை.

உங்களிடம் கேட்பது இரண்டு. வாராவாரம் வரும் உங்கள் சொத்துப் பக்கத்தில் புது அடுக்குமாடி விளம்பரங்களுக்கு நடுவே பழைய வீட்டுப் பழுதுபார்ப்புக்கு அரைப் பக்கம் கொடுங்கள், உப்பு பூத்த சுவருக்கு என்ன பூசலாம், பழைய தளத்தை எப்படி எடுத்துக் கட்டலாம் என்று வேலை தெரிந்தவர்களை வைத்தே எழுதவையுங்கள். இன்னொன்று, திருவொற்றியூரிலும் தண்டையார்பேட்டையிலும் சுண்ணாம்பு வேலை பார்த்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், என் அப்பாவோடு வேலை பார்த்த இரண்டு பேரை எனக்கே தெரியும், அவர்களை உங்கள் நிருபர் வந்து பார்க்கட்டும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அவர்களைக் கொண்டு இளம் கொத்தனார்களுக்குப் பயிற்சி வைக்குமா என்று நீங்கள் கேட்டால் பதில் வரும், நான் எழுதிய மனுவுக்கு வரவில்லை.

எங்கள் தெருவில் திண்ணையோடு இன்னும் நான்கு வீடுகள் நிற்கின்றன. அதில் கடைசி வீட்டைத் தை மாதம் இடிப்பதாகப் பேச்சு. நிருபர் வருவதானால் மார்கழிக்குள் வரட்டும், காலை ஏழு மணிக்கு முன் வந்தால் முற்றத்தில் வெயில் இறங்குவதைப் படம் எடுக்கலாம். அப்பாவின் தேய்ப்புக் கல் என்னிடம்தான் இருக்கிறது, அதையும் எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டட மேற்பார்வையாளர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை